பெட்டி எழுதிய கணக்கு

காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் ஒருவர், பேசும்போதெல்லாம் சின்னத் திருப்புளியால் காது குடைவார். இறந்துபோன என் மனைவியின் 4,112 படங்களை இணையத்தில் வாடகை இடத்தில் வைப்பதா, வீட்டிலேயே சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டியில் சேமிப்பதா என்று அவரிடம் கேட்டேன்.

“வாடகைய நிறுத்துனா கம்பெனிக்காரன் அழிச்சிருவான். வீட்டுல வச்சா, உங்களுக்கப்புறம் மகன்க பெட்டியப் பழைய சாமான் கடையில போட்ருவாக. அங்குட்டு எத்தனை வீட்டு ஆச்சி படம் தொங்குது, பாக்கலையாய்யா?”

“என் மகன்கள் அப்படியில்லை.”

“அப்பப் பெட்டியே வைங்க. யாரு எத்தனை தடவை தொறந்தாகன்னு அதுவே எழுதி வைக்கும்.”

இரண்டு மகன்களுக்கும் கடவுச்சொல் கொடுத்துப் பதினான்கு மாதங்கள். பெட்டியின் கணக்கில் 431 முறை திறக்கப்பட்டிருக்கிறது. அத்தனையும் நான்தான்.

நேற்று கடை வாசலில் கேட்டார்: “மகன்க எத்தனை தடவை பாத்திருக்காக?”

“இருபது” என்றேன்.

காதிலிருந்து திருப்புளியை எடுத்துத் துடைத்தார். “சொல்றதுதான் சொல்றீக, இருநூறுன்னு சொல்லியிருக்கலாமேய்யா.”