ஏசப்பாவிடம் பேசிய தமிழ்

எங்கள் எஸ்டேட்டில் என்னைப் பற்றி ஒரே ஒரு புகார்தான் இருந்தது. பிள்ளை நல்லவள், சர்ச்சுக்குத் தவறாமல் வருவாள், ஆனால் வாயைத் திறந்தால் திமிர். நான் யாரையாவது ஏசினேனா, யாரோடாவது சண்டைக்குப் போனேனா என்றால் அதெல்லாம் கிடையாது. எல்லோரும் "வந்திருக்காக" என்று சொல்கிற இடத்தில் நான் "வந்திருக்கிறார்கள்" என்று சொன்னேன். குற்றம் அவ்வளவுதான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது, கூடவே சிரிப்பும் வந்து தொலைக்கிறது.

வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். அம்மா கொழுந்து கிள்ளினாள், அப்பா மருந்தடிக்கிற வேலைக்குப் போனார். இரண்டு பேருமே திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்த குடும்பத்துப் பிள்ளைகள். நாங்கள் குடியிருந்த லயத்தில் பத்து வீடுகளும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும். ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டிலிருந்து "கசாயம் வச்சுக் குடிக்கக் கூடாதா?" என்று கேட்பார்கள். நானும் "ஏட்டி", "என்னலே" என்று அந்த லயத்துத் தமிழ் பேசி வளர்ந்தவள்தான்.

கெட்டது எல்லாம் எழுபதுகளின் தொடக்கத்தில் டீச்சர் டிரெயினிங் படிக்கப் போன இடத்தில். பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழில் பயிற்சி கொடுக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் என் அறையில் இருந்தவள் எருத்தேன்பதிப் பக்கம் நிலம் நீச்சு உள்ள விவசாயக் குடும்பத்துப் பெண். முதல் நாள் அவளிடம் ஆசையாக, "ஏட்டி, அந்த வாளியக் கொஞ்சம் தாயேன்" என்றேன். அவளுக்கு முகமே செத்துவிட்டது. வீட்டில் தம்பியைக்கூட 'ங்க' போட்டுப் பேசுகிறவள் அவள். நேராக வார்டனிடம் போய், "அந்தப் புள்ள என்னைய டீ போட்டுப் பேசுதுங்க" என்று அழுதுவிட்டாள்.

எனக்கு மட்டும் என்னவாம்? மறுநாள் அவள், "ஏனுங்க, சித்தெ அக்கட்டால நகந்து உக்காருங்க" என்றாள். என் வயதுக்காரி என்னை 'ங்க' என்கிறாளே, கிண்டல்தான் செய்கிறாள் என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மாதம் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே திரிந்தோம். பிறகு எப்படியோ புத்தகத்தில் இருக்கிற மாதிரி பேசத் தொடங்கினோம். "வாளியைத் தருகிறாயா?" "தருகிறேன், சற்றுப் பொறு." யார் வீட்டுத் தமிழும் இல்லாததால் அது யாருக்கும் வலிக்கவில்லை. அந்தத் தமிழில்தான் நாங்கள் சிநேகமானோம். அவள் வீட்டு எள்ளுருண்டையை எனக்கென்று தனியாக எடுத்து வைப்பாள். "உனக்காகவே வைத்திருக்கிறேன்" என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லுவாள், எனக்குக் கண் கலங்கிவிடும்.

இரண்டு வருஷம் கழித்து எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் லீவ் வேக்கன்சியில் வேலை கிடைத்து ஊருக்கு வந்தேன். நாக்கு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. "என்னட்டி, ரேடியோவுல சேதி வாசிக்கிறவ மாதிரி பேசுத?" என்று அம்மா சிரித்தாள். குழாயடியில் பெண்கள் சிரிக்கவில்லை. நான் குடத்தோடு போய் நின்றால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். "வழி விடுங்கட்டி, டீச்சர் வருகிறார்கள்" என்று யாராவது ஒருத்தி இழுப்பாள்.

நான் பால் குடிக்கிற பிள்ளை என்று சொல்ல வரவில்லை. ஒருநாள் உபதேசியார் சர்ச் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பில் ஏழெட்டுப் பிழைகள் இருந்தன. கையில் வாத்திச்சியின் சிவப்பு மைப் பேனா இருந்தது. கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் சுழித்து, மேலே திருத்தி எழுதிவிட்டு வந்தேன். அந்த மனுஷன் ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளைத் தாடியோடு ஊருக்கே ஜெபம் பண்ணுகிறவரை மூன்றாம் வகுப்புப் பையனாக்கி விட்டோமே என்று எனக்கு உறைக்க வெகு நாளாயிற்று. அன்றைக்கு அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதற்குத் திமிர் என்றுதான் பெயர்.

ஆனாலும் ஒன்று எனக்கு விளங்கவே இல்லை. என்னைப் பழித்த அதே பெண்களுக்கு என்னைவிட நல்ல தமிழ் தெரியும்! புதன்கிழமைதோறும் லயத்தில் ஏதாவது ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். காலையில் கங்காணியைக் காது கூச ஏசிய அக்கா, சாயங்காலம் முக்காடு போட்டுக் கண்ணை மூடினால், "இரக்கமுள்ள பிதாவே, தேவரீர் இம்மட்டும் அடியாளை வழுவாமல் காத்துக்கொண்டீரே" என்று ஆரம்பிப்பாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், ஒரு இடத்தில் தட்டாது, தடங்காது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும், "ஏ மூதி, அடுப்புல பால் பொங்குது பாரு" என்பாள். அந்தத் தமிழ் ஆண்டவருக்கு என்று எடுத்து வைத்த தமிழ். அதைக் கொண்டுபோய்க் குழாயடியில் செலவழித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இந்தப் பேச்சால் இரண்டு சம்பந்தம் தட்டிப் போயிற்று. "பொண்ணு லெச்சணமாத்தான் இருக்கு, ஆனா நம்மளோட ஒட்டாது" என்று சொல்லி அனுப்பினார்கள். போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன். மூன்றாவது அப்படி இல்லை. மூன்றாவது மாப்பிள்ளை எனக்கு வேண்டும்.

அவர் தேயிலை பாக்டரியில் பிட்டர். பள்ளிக்கூடத்துக் குழாயைச் சரிபார்க்க வந்தவரிடம், "குழாய் பழுதடைந்துள்ளது" என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா டீச்சர், ஒழுகுது" என்று வாய்விட்டுச் சிரித்தார். என் பேச்சைக் கேட்டு முகத்துக்கு நேரே சிரித்த முதல் ஆள் அவர். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் குழாய் அடிக்கடி ஒழுகியது.

பெண் கேட்டு வரப்போவதை அவரே வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "எங்கம்மா வேண்டாம்னு சொல்லிட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது டீச்சர். ஒத்தையா நின்னு என்னைய வளத்தவுக" என்றார். சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்து அவரை ஆளாக்கிய அம்மா. அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா தோட்டத்தில் மரம் விழுந்து இறந்துவிட்டார். அந்த அம்மாவுக்கு என்னைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை அவரும் அம்மாவும் தாய்மாமாவும் வந்தார்கள். எங்கள் அம்மா காலையிலிருந்து எனக்குப் பாடம் எடுத்தாள். "வாங்கன்னு சொல்லு. டீயக் குடு. வாய மூடிக்கிட்டு உள்ள வந்துரு." நானும் தலையை ஆட்டினேன். ஆனால் பயம் வந்தால் எனக்கு ஹாஸ்டல் தமிழ் இன்னும் இரண்டு படி ஏறிக்கொள்ளும். அந்த அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் வாய் திறந்துவிட்டது.

"ஸ்தோத்திரம் அம்மா. தாங்கள் நலமாக வந்து சேர்ந்தீர்களா?"

அந்த அம்மாவின் முகத்திலிருந்து ரத்தமெல்லாம் வடிந்துபோன மாதிரி ஆயிற்று. கோபமா, அருவருப்பா, ஒன்றும் புரியவில்லை. "ம்" என்று சொல்லி உட்கார்ந்தவர்தான், டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுப்படியில் அம்மா என் புஜத்தைக் கிள்ளினாள். "அந்தத் தாங்களத் தூக்கி அடுப்புல போடேன்! ஒனக்கு நல்லது நடக்கவே கூடாதுன்னு இருக்கியாட்டி?" அவள் கண்ணில் தண்ணீர். எனக்கு நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வெளியே பேச்சு மழையைப் பற்றியும் ஏலக்காயைப் பற்றியும் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் தீர்ந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அந்த அம்மா எழுந்தார். மகனும் தரையைப் பார்த்துக்கொண்டே எழுந்தார், என்னைப் பார்க்கவில்லை. முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

பெண் பார்க்கப் போன இடத்தில் மற்ற வீடுகளில் பாடச் சொல்வார்கள், எங்களிடையே ஜெபம் பண்ணச் சொல்வார்கள். கிளம்பும்போது ஜெபம் இல்லாமல் படி இறங்கும் வழக்கம் இல்லை. தாய்மாமா மரியாதைக்காக, "டீச்சரே ஒரு ஜெபம் பண்ணட்டும்" என்றார். இந்தப் பெண் ஜெபத்தில் இன்னும் எந்த உயரத்துக்கு ஏறப்போகிறதோ என்கிற களைப்போடு அந்த அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

நான் ஒரு ஜெபம் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் அழகாக இருக்கும். முழங்கால் போட்டுக் கண்ணை மூடியதும் ஒரு சொல்கூட மிச்சமில்லை. இருட்டாக இருந்தது. எதிரே யாரும் இல்லை, ஏசப்பா மட்டும் இருந்தார். அவரிடம் நான் ஒருநாளும் ஹாஸ்டல் தமிழ் பேசியதில்லை. சின்ன வயதில் கொழுந்துக் காட்டில் அம்மா பின்னால் நடந்துகொண்டே என்ன பேசினேனோ, வாத்திச்சியான பிறகும் பள்ளிக்கூடம் போகிற வழியில் அதேதான் பேசிக்கொண்டு போவேன். அவர் முன்னால் எனக்கு வெட்கம் கிடையாது.

"ஏசப்பா, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. இவுக போறாக. என்னைய வேண்டாம்னு சொல்லிருவாக. எனக்கு இவுக வீட்டுக்குப் போகணும்னு ஆசையா இருக்கு ஏசப்பா. நான் திமிர் பிடிச்சவ இல்லன்னு ஒமக்குத் தெரியும். பயத்துல என்னமோ பேசித் தொலைக்கேன். இவுககிட்ட நீரே எடுத்துச் சொல்லும். எனக்குச் சொல்லத் தெரியல."

ஆமென் சொல்ல மறந்துவிட்டேன். அப்பா தொண்டையைச் செருமினார். என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் மாப்பிள்ளை வேண்டும் என்று உரக்கக் கேட்டிருக்கிறேன்! கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது.

"ஏட்டி."

அந்த அம்மாதான். அதுவரைக்கும் அவர் என்னை டீச்சர் என்றுகூடக் கூப்பிட்டிருக்கவில்லை.

"கண்ணத் தொற. இப்பப் பேசுனியே, இது ஒன் பேச்சா?"

"ஆமா."

"அப்ப வாசல்ல பேசுனது?"

"அது பயந்தா வாரது."

அவர் மறுபடியும் உட்கார்ந்தார். முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என்னைய இதுவரைக்கும் ஒரே ஒருத்தன்தான் தாங்கள்னு சொல்லியிருக்கான். எஸ்டேட் ஆபீசு ரைட்டர். என்னைக்கும் 'ஏ பொம்பள'ன்னு கூப்பிடுறவன், அன்னைக்கு மத்தியானம் லயத்துக்கு வந்து, 'தாங்கள் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்'னான். அவன் மேல சொல்லக்கூட இல்ல. தாங்கள்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, எம் புருசன் இல்லன்னு. நல்ல தமிழ்ல எங்க வீட்டுக்கு ஒரு நல்ல சேதியும் வந்ததில்ல தாயி. நீ வாசல்ல நின்னு அப்பிடிக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிச்சு."

திமிர் என்று நினைத்துத்தான் முகம் சுளித்தார் என்று எண்ணியிருந்தேன். நான் பயத்தில் எடுத்துப் போர்த்திக்கொண்ட பேச்சு அவரைப் பயமுறுத்தியிருக்கிறது. அழுதுகொண்டே, "தெரியாமப் பேசிட்டேன் அத்தை" என்றேன். அத்தை என்கிற சொல் தானாக வந்தது. வந்த பிறகு அப்பாவைப் பார்த்தேன், அவர் கூரை மோட்டைப் பார்த்தார்.

அந்த அம்மா ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஜெபம் பாதியில நிக்குது. முடிப்போம்" என்று முக்காட்டைச் சரி செய்தார். எல்லோரும் மறுபடி முழங்கால் போட்டோம். முப்பது வருஷமாக ஜெபக்கூட்டங்களில் ஜெபித்துப் பழகியவர். தேவரீரே என்று தொடங்குவார் என்று காத்திருந்தோம்.

"ஏசப்பா, இவள எனக்குப் பிடிச்சுப் போச்சு. நீரே இவகிட்டச் சொல்லிரும். எனக்கு வெக்கமா இருக்கு."

ஆமென் என்று எல்லோருக்கும் முந்தி நான்தான் சொன்னேன்.