லோரீன் கடித்த பென்சில்

இது நடந்தது. பட்டப்பகலில், ஆயிரம் பேர் சுற்றி நிற்க நடந்தது. என்னை ஏமாற்றுக்காரி என்று சொன்னவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொல்லிக்கொண்டு போகட்டும். வெர்னா ஸ்டோக்லி ஆகிய நான் அன்று அட்டையில் எழுதியது ஐந்து. கட்டையில் போகும்வரை அதைத்தான் சொல்வேன்.

1959இலிருந்து தொடங்க வேண்டும். தெற்குக் கரோலினாவில் சதுப்பை ஒட்டிய ஒரு கோல்ஃப் மைதானம். பெண்கள் தொழில்முறை சாம்பியன்ஷிப்பின் கடைசி நாள். லோரீன் ஹாஸ்கெட், வில்லோடீன் புரூயிட், நான் என்று மூன்று பேரும் ஒன்றாக ஆடினோம். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே கும்பல். கார்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். ஒரு மோட்டல் அறையில் மூன்று பேர் முடங்கிக் கிடப்போம். லோரீனுக்கு எந்நேரமும் பென்சிலைக் கடிக்கும் பழக்கம். கறுக்... கறுக்... என்று தூக்கத்திலும் கேட்கும்.

"எலி வந்திருச்சுடி, விளக்கைப் போடு" என்பாள் வில்லோடீன்.

எங்கள் ஆட்டத்தில் குறைந்த அடியில் முடிப்பவளுக்கே வெற்றி. ஒருத்தி எத்தனை அடி அடித்தாள் என்பதை அவளே எழுதக் கூடாது. கூட ஆடுபவள்தான் எழுதுவாள். ஆட்டம் முடிந்ததும் அட்டையை வாங்கிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அடித்ததைவிடக் குறைவான எண் ஒன்று இருந்து அதில் கையெழுத்தும் விழுந்துவிட்டால் தீர்ந்தது. ஜெயித்தவளானாலும் வெளியே. இதற்காக வருடத்தை அச்சடித்த பச்சைப் பென்சில் ஆளுக்கொன்று கொடுப்பார்கள்.

அன்று லோரீன் ஜெயித்தாள். பதின்மூன்றாம் குழியில் அவள் அடித்தது ஐந்து. அவள் அட்டையை எழுதிய வில்லோடீன் நாலு என்று போட்டிருந்தாள். அழுகையும் சிரிப்புமாக இருந்த லோரீன் எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். கால் மணி நேரத்தில் அவளை நீக்கினார்கள். கோப்பை வில்லோடீனுக்குப் போனது. இரவே லோரீன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். காலையில் பாலத்துக்குக் கீழே ஆற்றில் கார் கிடந்தது. அவளும் அதற்குள்தான் இருந்தாள்.

கை தவறிவிட்டது என்றாள் வில்லோடீன். எல்லோரும் நம்பினார்கள்.

நான் நம்பவில்லை. ஏனென்றால், லோரீன் கையெழுத்துப் போடும் முன்பே அந்த நாலை நான் பார்த்திருந்தேன். "நில்லுடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் விலகினால் மூன்றாம் இடத்தில் இருந்த எனக்கு இரண்டாம் இடம். வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கம் இன்றுவரை என்னைத் தின்கிறது.

1963. அதே மைதானம், அதே சாம்பியன்ஷிப், அதே கடைசி நாள். வில்லோடீன் என்னைவிட மூன்று அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தாள். இருவர் மட்டும் ஒன்றாக ஆடினோம். அவள் அட்டையை எழுதுவது நான்.

மதியம் 3.40. பதின்மூன்றாம் குழி. மூன்று வாரமாக மழையே இல்லை. புல் காய்ந்து கிடந்தது. என் பையைத் தூக்கி வந்த ரூஃபஸ் சட்டென்று நின்றார். இருபது வருடமாக அந்த மைதானத்தில் பை தூக்குபவர்.

"மிஸ் வெர்னா, நீங்க ரெண்டு பேர் மட்டும்தான ஆடுறீங்க?"

"ஆமா. ஏன்?"

"அப்ப இது யாரு தடம்?"

ஆணி வைத்த காலணித் தடங்கள். ஈரத் தடங்கள். சதுப்பிலிருந்து நேராகக் குழிவரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

"என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? தோக்கிற பயமா?" என்று சிரித்தாள் வில்லோடீன்.

ஐந்தாவது அடியில் பந்தைக் குழிக்குள் போட்டாள். எண்ணிப் பார்த்தேன். ஐந்து. என் பந்தும் விழுந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டோம்.

அப்போது...

டொக்.

இன்னொரு பந்து குழிக்குள் விழுந்த சத்தம்.

எட்டிப் பார்த்தேன். பந்து இல்லை. குழி நிறையக் கறுப்புத் தண்ணீர்.

பென்சிலை எடுத்தேன். சொதசொதவென்று நனைந்திருந்தது. முனை முழுக்கப் பல் தடம். நான் பென்சில் கடிப்பவள் இல்லை.

ஐந்து என்று எழுதினேன்.

கறுக்...

என் தோளுக்குப் பின்னால்.

கறுக்...

திரும்பவில்லை. திரும்பும் தைரியம் எனக்கு இல்லை.

5.20. ஆட்டம் முடிந்தது. அட்டைகளை ஒப்படைக்கும் கூடாரத்தில் வில்லோடீன் என் அட்டையைக் கொடுத்தாள், நான் அவளுடையதைக் கொடுத்தேன். அவளா பார்க்காமல் கையெழுத்துப் போடுபவள்? ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். பதின்மூன்றாவதை "அஞ்சு" என்றுதான் படித்தாள். என் காதால் கேட்டேன். கையெழுத்துப் போட்டாள்.

கமிட்டிக்காரர் அட்டையை விரித்தார். நெற்றி சுருங்கியது.

"பதிமூணுல நாலா, மிஸ் புரூயிட்? ஸ்கோர் பலகைக்காரன் அஞ்சுங்கிறானே?"

அட்டையில் நாலு. கறுப்புத் தண்ணீர் ஊறிய நாலு.

வில்லோடீன் என்மேல் பாய்ந்தாள். "மாத்தி எழுதிட்டியாடி, பாவி?"

அப்புறம் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

முகம் வெளிறியது.

"நான்தான்..." என்றாள். "தெரிஞ்சேதான் எழுதினேன், லோரீன்... விட்டுரு..."

என் பின்னால் யாரும் இல்லை.

தரை மட்டும் நனைந்திருந்தது.

வில்லோடீன் அதன்பிறகு மட்டையைத் தொடவில்லை. கோப்பை எனக்கு வந்தது. ஒருவரும் கை தட்டவில்லை. ஜெயிப்பதற்காக நாலு போட்டவள் என்று பேர் வாங்கினேன். மோட்டலில் என்னோடு அறை எடுக்க ஒருத்தியும் வரவில்லை. வாய் மூடியிருந்தவளுக்கு, வாய் திறந்தாலும் யாரும் நம்பாத தண்டனை. லோரீனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

எட்டு வருடம் கழித்து, மனசு பொறுக்காமல், லோரீனின் அக்கா ஐனாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதிலில் மன்னிப்பு இல்லை. இவ்வளவுதான் இருந்தது: "காரிலிருந்து எடுத்தபோது அவள் வலது கை மூடியிருந்தது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அந்தப் பச்சைப் பென்சிலோடுதான் புதைத்தோம்."

பழைய கோல்ஃப் பையைத் தேடி எடுத்தேன். அன்று எழுதிய பென்சில் பக்கப் பையில் அப்படியே இருந்தது. துடைத்துப் பார்த்தேன். தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது 1963 இல்லை.

1959.

அப்போது அது என் சுண்டுவிரல் நீளம் இருந்தது. மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சாவி என் கழுத்தில். அதை வைத்து எழுதியதில்லை, சீவியதில்லை.

போன வாரம் திறந்தேன். நகத்தளவுதான் மிச்சம் இருக்கிறது. சுற்றிலும் ஈரமான மரச்சீவல்.

வில்லோடீன் போய்ச் சேர்ந்து பதினொரு வருடமாகிறது. பாக்கி நான் ஒருத்திதான்.