வேலியிடமும் மன்னிப்பு

டென்சில் ரோ "மன்னிச்சுக்க, தங்கம்" என்று சொன்னால் எதிரில் ஆள் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தொப்பியில் இடித்த காமெலியாக் கிளையிடம் சொல்வார். காலைத் தடுக்கிய நாற்காலியிடம் சொல்வார். வேலியில் கோட்டு மாட்டிக்கொண்டால் முதலில் வேலியிடம் சொல்லிவிட்டுத்தான் கோட்டை விடுவிப்பார். இங்கிலாந்தின் கோடியில் இருக்கிற எங்கள் கார்ன்வாலின் மழையில் தொப்பலாக நனைந்து வந்து நிற்கும் வெளியூர்க்காரர்களிடம், என்னவோ மழையை அவரே கொண்டுவந்து இறக்கியதுபோல, மழைக்காகவும் சொல்வார்.

எங்கள் பக்கத்தில் நண்டு விற்பவர் முதல் பாதிரியார் வரை எல்லாரும் எல்லாரையும் 'தங்கம்' என்றுதான் கூப்பிடுவோம். அதில் விசேஷம் ஒன்றும் கிடையாது. மன்னிப்புதான் டென்சிலின் சொந்தச் சரக்கு.

லான்பெரோ தோட்டத்தின் டிக்கெட் கூண்டில் அவர் வெகுகாலம் உட்கார்ந்திருந்தார். பெரிய வீட்டில் தொடங்கி ஆற்றங்கரை வரை சரிந்து இறங்குகிற தோட்டம் அது. அந்த வீட்டுக் கப்பல்காரப் பாட்டன்மார் எந்தெந்தச் சீமையிலிருந்தோ கொண்டுவந்து நட்ட செடிகள், இன்று வீட்டைவிட உயரமாக நிற்கின்றன. அவற்றைப் பார்க்கத்தான் டிக்கெட். தோட்டத்தின் காலடியில், ஆற்றை ஒட்டிப் படகுத்துறைக்குப் போகிற ஒற்றையடிப் பாதைக்கு டிக்கெட் கிடையாது. கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் வரைபடத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு நடைக்காரர்கள் அந்தப் பாதையில் வருவார்கள். வந்ததும் முதல் கேள்வி, "டீ எங்க கிடைக்கும்?" டென்சில் வழி சொல்வார். கடை சாத்தியிருந்தால் கடைக்காகவும் மன்னிப்பு கேட்பார்.

அந்தப் பாதையில் ஒரு கதவு இருந்தது. கதவுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் வேலை. யாரும் தடுக்காமல், யாரிடமும் அனுமதி வாங்காமல் இருபது வருஷம் ஜனங்கள் நடந்த பாதை ஜனங்களுக்கே ஆகிவிடும் என்பது எங்கள் நாட்டுச் சட்டம். நிலத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வருஷத்துக்கு ஒரு நாள் கதவைப் பூட்டிவிடுவார்கள். தடுத்ததாகக் கணக்கு ஆயிற்று. பழைய முதலாளி மேஜர் பென்னாக், யாருக்கும் மனம் நோகக்கூடாது என்று, ஆள் நடமாட்டம் குறைந்த பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பொறுக்கி எடுத்து அந்த வேலையை டென்சிலிடம் விட்டிருந்தார்.

டென்சில் பூட்டுவார். பூட்டிய கையோடு வீட்டுக்குப் போகாமல், ஒரு மடக்கு முக்காலி, ஒரு பிளாஸ்கு, ஒரு குங்குமப்பூ பன் சகிதம் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார்.

"பூட்டின கதவுக்குக் காவல் எதுக்குடா?" என்று ஒருமுறை பெரில் கேட்டாள். படகுத்துறையில் நண்டு விற்கிறவள். அவரோடு ஒரே வகுப்பில் படித்தவள். பீப்பாய் மாதிரி ஒரு நாய் வைத்திருக்கிறாள்.

"எவ்வளவு தூரத்துலேருந்து நடந்து வராங்க, பாவம். பூட்டியிருக்குன்னு சொல்ல ஒரு ஆள் வேணாமா, பெரில்?"

சொல்லத்தான் சொல்வார். மழையில் ஒரு ஜோடி வந்து நிற்கும். டென்சில் எழுந்து தொப்பியைக் கழற்றுவார். "இன்னிக்குக் கதவு பூட்டியிருக்குங்க. மன்னிச்சுக்கணும்." அவர்கள் முகம் வாடும். அந்த முகவாட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் ஆகாது. கை தானாகவே பைக்குள் போகும். சாவி வரும், கதவு திறக்கும், அவர்கள் போனதும் மறுபடி பூட்டுவார். அடுத்து வருகிறவருக்கும் அதே பாட்டு. ஒவ்வொரு வருஷமும் இதே கூத்துதான்.

"பூட்டறதும் நீ, தொறக்கறதும் நீ. இதுக்கு ஒரு சம்பளம் வேற!" என்பாள் பெரில், நாயை முன்னால் தள்ளிக்கொண்டு.

"பூட்டச் சொன்னாங்க, பூட்டிட்டேன். தொறக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே?"

மேஜர் போய்ச் சேர்ந்தார். தோட்டம் லண்டன்காரர் ஹோலிஸிடம் கைமாறியது. நல்ல மனிதர்தான், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். தோட்டத்தில் கல்யாணங்கள் நடத்தப்போவதாகச் சொன்னார். கல்யாணப் படத்தில் மணப்பெண்ணுக்குப் பின்னால் சேற்று பூட்ஸோடு யாராவது பன் தின்றுகொண்டு போனால் நன்றாகவா இருக்கும்? ஆற்றுப் பாதை இனி இல்லை என்று பலகை வைத்துவிட்டார். ஊர் கொதித்தது. பாதை எங்களுடையது என்று அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டோம். விசாரிக்க அதிகாரி வருவதாகப் பதில் வந்தது.

ஹோலிஸ் டிக்கெட் கூண்டுக்கே வந்தார்.

"மிஸ்டர் ரோ, நீங்க பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். வருஷா வருஷம் பூட்டினேன்னு மட்டும் சொல்லுங்க. அது உண்மைதானே?"

"உண்மைதாங்க."

"அவ்வளவுதான். அப்புறம், வீட்டைப் பத்தி நீங்க கவலையே பட வேண்டாம்."

டென்சில் குடியிருந்தது தோட்டத்து வீடு. அதுவரை அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் ஈயாடவில்லை. கதவு வரைக்கும் போவதும் திரும்புவதுமாக இருந்தார். ஊரில் ஒருவர்கூட அவரிடம் வாய் திறந்து கேட்கவில்லை. கிழவனின் கூரையைப் பணயம் வைக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் அவரேதான் நண்டுக் கூடைக்கு முன்னால் போய் நின்றார். "பூட்டினது நெஜம்தானே, பெரில்?"

பெரில் அன்று கேலி செய்யவில்லை. "நெஜம்தான்டா" என்றாள். "அதை வெச்சுக்கிட்டு என்ன சொல்றேங்கறது உன் இஷ்டம்."

விசாரணை ஊர்க் கூடத்தில் நடந்தது. அதிகாரி ஒல்லியான அம்மாள், ஜலதோஷம் வேறு. ஹோலிஸின் வக்கீல் டென்சிலை மேஜைக்கு முன்னால் உட்காரவைத்துக் கேட்டார்.

"கதவைப் பூட்டினீங்களா?"

"பூட்டினேங்க."

"எல்லா வருஷமும்?"

"ஒரு வருஷமும் விடலீங்க."

வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். "நன்றி, நீங்க போகலாம்" என்றார் அதிகாரி. டென்சில் எழுந்திருக்கவில்லை. தொப்பியை மடியில் வைத்து ஒரு சுற்று சுற்றினார்.

"தொறக்கவும் செஞ்சேங்க" என்றார்.

முக்காலியிலிருந்து பன் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். பூட்டு யாரையும் தடுக்கவில்லை என்று ஆயிற்றே, எங்களுக்கு உயிர் வந்தது. வந்த உயிரை வக்கீல் ஒரு நிமிஷம்கூட நிலைக்க விடவில்லை. அவர் எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ காவல்காரர் அனுமதி குடுத்துத்தான் எல்லாரும் போயிருக்காங்க. அனுமதி வாங்கிப் போன பாதையில ஊருக்கு உரிமை கிடையாது. எங்களுக்கு இது போதும்."

பெரில் தலையில் கை வைத்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடாவது மிஞ்சியிருக்குமே, இப்போது வீடும் போச்சு, பாதையும் போச்சே என்று நினைத்துக்கொண்டேன்.

"அனுமதியா?" டென்சிலுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நான் யாருக்கும் அனுமதி குடுக்கலீங்களே."

"பின்னே என்ன குடுத்தீங்க?"

"மன்னிப்பு கேட்டேங்க."

யாரோ சிரித்தார்கள். டென்சில் சிரிக்கவில்லை.

"ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேன். அனுமதி குடுக்கறவன் எதுக்குங்க மன்னிப்பு கேக்கப்போறான்? அவங்க பாட்டுக்கு அவங்க வழியில வந்தாங்க. நான் ஒரு பூட்டைப் போட்டுக்கிட்டுக் குறுக்க உக்காந்திருந்தேன். தப்பு என் பேர்ல. அதான் கேட்டேன், தொறந்தேன்."

அதிகாரி மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார். "எல்லார்கிட்டயுமா கேட்டீங்க?"

"என் நாய்கிட்டக்கூடக் கேட்டான்!" என்று பின்னாலிருந்து பெரில் கத்தினாள்.

அம்மாள் அதையும் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு இலையுதிர்காலத்தில்தான் வந்தது. பாதை ஊருக்கே என்று சொல்லிற்று. ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது. அன்று தெரிந்ததெல்லாம், கூட்டம் கலைவதற்குள் ஹோலிஸ் மேஜைக்கு வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னதுதான்.

"சாவியைக் குடுத்துடுங்க, மிஸ்டர் ரோ. மாசக் கடைசிக்குள்ள வீட்டுச் சாவியையும்."

"எங்க வீட்டு மாடி ரூம் சும்மாதான்டா கெடக்கு!" பெரிலின் குரல் கூடத்துக்கே கேட்டது. "நாய்தான் கொறட்டை விடும்."

டென்சில் கதவுச் சாவியைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். கையைத் திரும்ப எடுக்கையில் முழங்கை பட்டுத் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. தண்ணீர் ஹோலிஸின் காகிதங்களை நனைத்து, அவர் கால்சட்டையிலும் சொட்டியது. ஹோலிஸ் நிமிர்ந்து பார்த்தார். அடுத்து என்ன வரும் என்று ஊருக்கே தெரியும். நாங்கள் எல்லாரும் அதற்காகக் காத்திருந்தோம்.

டென்சில் டம்ளரை நிமிர்த்தி வைத்தார். தொப்பியால் ஈரத்தை ஒற்றி எடுத்தார். குனிந்து, மேஜையின் விளிம்பை மெல்லத் தடவி, "மன்னிச்சுக்க, தங்கம்" என்றார், மேஜையிடம்.