அதிகாரி வந்த அன்று எங்கள் தெரு பளபளத்தது

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தெருவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்து, மார்கழிக் கோலம் போட்டு, அதற்குக் கலர்ப்பொடியும் தூவி... முனையில் நிற்கும் முருங்கை மரத்தின் இலைகளைக்கூட யாரோ வாளித் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார்கள். அம்பத்தூரில் இப்படியும் ஒரு தெருவா என்று கேட்டிருப்பீர்கள்.

அதனால்தான் தோற்றோம்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் ரேஷன் க்யூ, ஸ்கூல் ரிக்‌ஷா, தீர்ந்துபோன கேஸ் சிலிண்டர் என்று எதையாவது சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறவள் நான். இந்த வாரம் சிரிப்பு வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். இல்லை, மன்னிக்கவும் வேண்டாம். நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. அதைத் தாண்டினால் ஒரு பவுண்டரியின் மதில். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் ஆலை. அதன் புகைபோக்கி குட்டையானது. எங்கள் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் ஏதோ பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான் தெரியும். உலையை விடியற்காலையில் மூட்டுகிறார்கள். நான் வாசல் தெளிக்கக் கதவைத் திறக்கும்போது தெருவில் ஒரு சாம்பல் மூட்டம் முழங்கால் உயரத்தில் நிற்கும். பனி என்று நினைத்து மூச்சை இழுத்தால் தொண்டையில் தீக்குச்சி கிழித்தது போலிருக்கும்.

ஜன்னல் கட்டையை இரவில் துடைத்துவிட்டுப் படுத்தால், காலையில் அதில் விரலால் பெயர் எழுதலாம். என் பெண் கவிதா எழுதவும் செய்வாள்.

கவிதா ஐந்தாம் வகுப்பு. குளிர் தொடங்கினால் அவளுக்கு வீசிங். விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். தோள் இரண்டும் ஏறி இறங்கும். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வரும். பேச மாட்டாள்... பேசுவதற்குக் காற்று மிச்சம் இருக்காது. என்னையே பார்ப்பாள்.

பெற்றவர்களுக்குத் தெரியும், அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று.

இதற்கு எல்லோரும் என்னைத்தான் விசாரித்தார்கள். ராத்திரி தயிர் போட்டாயா? வாழைப்பழம் கொடுத்தாயா? தலைக்கு ஊற்றிவிட்டுச் சரியாகத் துவட்டவில்லையா? ஃபேனுக்கு நேராகப் படுக்க வைத்தாயா? நானும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். தயிரை, பழத்தை, ஃபேனை... நல்ல பெண்ணாக எல்லோர் சொல்லையும் கேட்டேன். ஜன்னலைத் திறந்து வை என்று ஒரு டாக்டர் சொன்னார், திறந்தேன். மூடி வை என்று இன்னொரு டாக்டர் சொன்னார், மூடினேன். திறந்தது தப்பா, மூடியது தப்பா என்று யோசித்தே எனக்குத் தூக்கம் போயிற்று.

அந்தப் புகைபோக்கியை மட்டும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

போன வருஷக் குளிரில், இந்த நேரத்தில்தான் அரையாண்டுப் பரீட்சை வந்தது. அறிவியலில் காற்று பற்றிய பாடம். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்க, கவிதா ஒப்பித்தாள்.

“காற்றில் நைட்ரஜன் எழுபத்தெட்டு பங்கு. ஆக்சிஜன் இருபத்தொரு பங்கு. மீதி ஒரு பங்கில் ஆர்கான், கரியமில வாயு...”

“சரி. காற்றின் பண்புகள்?”

“நிறமற்றது. மணமற்றது. சுவையற்றது.” நிறுத்தினாள். “அம்மா, நம்ம காத்துக்கு எல்லாமே இருக்கே?”

“பரீட்சையில அப்படி எழுதக் கூடாது.”

“ஏன்?”

ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் இருப்பதை எழுதினால்தான் மார்க் என்றேன். சொல்லிவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது. குழந்தை மூக்கால் தெரிந்துகொண்டதைத் தப்பு என்கிறேனே?

அன்று அவள் தூங்கிய பிறகு அந்தப் பாடத்தை நானே முழுவதும் படித்தேன். பிறகு கிளை நூலகத்தில் இன்னும் இரண்டு புத்தகங்கள். நான் பி.ஏ. வரலாறு. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். காற்று மண்டலம் அடுக்கடுக்காக எவ்வளவோ உயரம் போகிறதாம். ஆனால் நாம் மூச்சு விடுவது, மழை பெய்வது எல்லாம் ஆக அடியில் உள்ள அடுக்கில்தான். அதில் மேலே போகப் போகக் குளிரும். அதனால் தரையில் சூடான காற்று மேலே ஏறும், புகையையும் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் குளிர்காலத்து விடியலில் இது தலைகீழாகிவிடுகிறது. ராத்திரி தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று, இட்லிப் பானைக்கு மூடி போட்ட மாதிரி. குட்டைப் புகைபோக்கியிலிருந்து வருகிற புகை அந்த மூடியைத் தாண்ட முடியாமல் எங்கள் மேலேயே உட்காரும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி திறக்கும்.

படித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. தயிரும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. இத்தனை மாதங்களாக நான் பானைக்குள் நின்றுகொண்டு என்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதினோம். எழுதினோம் என்றால், நான் எழுதினேன், தெரு கையெழுத்துப் போட்டது. சுலபமாகப் போடவில்லை. மூன்றாவது வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கணவருக்கு அந்தப் பவுண்டரியில்தான் வேலை.

“கம்பெனிய மூடிட்டா எங்க ஊட்டு அடுப்ப நீ வந்து மூட்டுவியாம்மா?” என்றார் அக்கா.

“மூடச் சொல்லலைக்கா. புகைபோக்கிய உயர்த்துங்க, வடிகட்டி போடுங்கன்னுதான் கேக்கறோம்.”

உள்ளே அக்காவின் கணவர் இருமினார். அந்த இருமல் முடிய வெகு நேரம் ஆயிற்று. அது முடிந்ததும் அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பல மாதம் பதிலே இல்லை. அப்புறம் திடீரென்று, செவ்வாய்க்கிழமை பார்வையிட ஒரு அதிகாரி வருகிறார் என்று திங்கட்கிழமை சாயங்காலம் தகவல்.

கேட்டதும் முதலில் எழுந்தது எதிர்வீட்டுத் தனம்மா. தெருவில் தண்ணீர் லாரி வந்தாலும், சாவு விழுந்தாலும் முன்னால் நிற்பவர்.

“இன்னா எல்லாம் பேசிக்கினு நிக்கறீங்க? ஆபீஸரு வந்துகினு கீறாரு. தெரு இப்டி கரியாக் கெடந்தா நம்மளப் பத்தி இன்னா நெனப்பாரு? குப்பைல பொறந்து குப்பைல வளந்த ஜனம்னு சொல்ல மாட்டாரு?”

அவ்வளவுதான். துடைப்பங்கள் கிளம்பின.

நீங்கள் கேட்கலாம்... உனக்குமா தோன்றவில்லை? தோன்றியது! ஈரத்துணியோடு ஜன்னல் முன்னால் நின்றேன். கட்டையில் கறுப்பாகப் படிந்திருந்தது. இதை விட்டு வைக்கலாமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அடுத்த நிமிஷமே, வருகிறவர் ‘என்ன பெண் இவள், ஜன்னலைக்கூடத் துடைக்காமல்’ என்று நினைத்துவிட்டால்...? துடைத்துவிட்டேன். ராத்திரி மறுபடி படிந்ததைக் காலையில் எழுந்ததும் இன்னொரு தடவை. விருந்தாளி வருகிறார் என்றால் துடைக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து கைக்குப் பழகிவிட்டது. மூளை குறுக்கே வருவதற்குள் கை துடைத்து முடித்துவிடுகிறது.

அதிகாரி வந்தபோது மணி பதினொன்று. நல்ல வெயில். மூடி திறந்தாயிற்று. மூட்டி வெகு நேரமான உலையிலிருந்து புகை மெல்லிசாக, ஊதுவத்திப் புகை மாதிரி நேராக வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதிகாரியோடு கம்பெனி மேனேஜரும் வந்திருந்தார், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில்.

“ஊட்டி மாதிரி வெச்சிருக்கீங்களேம்மா தெருவை!” என்றார் அதிகாரி.

தனம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “நாங்க எப்பவுமே இப்டித்தான் சார்!”

நான் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நேரம் கடந்துவிட்டது.

அதிகாரி எங்கள் வீட்டுக்குள் வந்தார். ஜன்னல் கட்டையில் ஆள்காட்டி விரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். மேனேஜரிடமும் காட்டினார். வெள்ளைச் சட்டை சிரித்தது.

“எங்கேம்மா தூசி?”

“நேத்து இருந்துது சார்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“ஆமா சார், நேத்து இர்ந்திச்சி! நான்தான் தொடைக்கச் சொன்னேன்!” என்றார் தனம்மா.

“நேத்து இருந்ததை நான் இன்னிக்கு எப்படிம்மா ரிப்போர்ட்ல எழுதறது?”

எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். குளிர்ந்த காற்று, சூடான காற்று, மூடி, இட்லிப் பானை. “விடியற்காலை ஆறு மணிக்கு வாங்க சார். அப்பத்தான் தெரியும்.”

“நீங்க சயன்ஸ் டீச்சரா?”

“இல்ல சார். பி.ஏ. ஹிஸ்டரி.”

இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. குழந்தை தமாஷாக ஏதோ சொன்னால் சிரிப்போமே, அந்த மாதிரி. “ஆறு மணிக்கெல்லாம் ஆபீஸே கிடையாதும்மா” என்றார் அதிகாரி. ஸ்டெல்லா அக்கா கொண்டுவந்த காபியைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கிப் போய் ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் விடியற்காலை கவிதா எழுந்து உட்கார்ந்தாள்.

முதுகைத் தடவிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன். முந்தின நாள் பளபளத்த கட்டையில் மறுபடியும் கறுப்பு. ராவோடு ராவாக வந்து உட்கார்ந்திருந்தது. என் பெண்ணின் மூச்சுக்கு ஆபீஸ் நேரம் கிடையாது ஐயா என்று அந்த ஜீப்பின் பின்னால் ஓடிக் கத்தியிருக்க வேண்டும் நான். காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்!

யார் மீது கோபம் என்று கேட்கிறீர்களா? எல்லோர் மீதும்தான். புகைபோக்கிக்கு நாலு அடி கூட்ட மனசில்லாத கம்பெனி மீது. பதினொரு மணிக்கு வந்து விரலால் சட்டத்தை நிறைவேற்றிவிட்டுப் போனவர் மீது. என் மீதும். அவர்கள் கொட்டுகிறார்கள், நாம் துடைக்கிறோம். கொட்டியவனுக்கு வெட்கம் இல்லை. துடைக்காமல் விட்டால் வெட்கம் நமக்கு. இது எந்த ஊர் நியாயம்? இந்தத் தொழிற்பேட்டையைச் சுற்றி எத்தனை வீடுகள், எத்தனை ஈரத்துணிகள்... எல்லாவற்றையும் ஒரே வாளியில் பிழிந்திருந்தால் அந்த அதிகாரி விரலைக்கூட நீட்ட வேண்டியிருந்திருக்காது.

புதிதாக ஒரு மனு எழுதினேன். விடியற்காலை ஆறு மணிக்கு வரவும் என்று முதல் வரியிலேயே போட்டேன். இந்த முறை முதல் கையெழுத்து ஸ்டெல்லா அக்கா. தனம்மா கைநாட்டு வைத்துவிட்டு, மையான கட்டைவிரலைப் புடவையில் துடைக்கப் போனவர், அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“வாணாம்மா. தொடச்சி தொடச்சித்தானே இந்த கதி.”

ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் அக்கா ஐயப்பன்தாங்கலிலிருந்து வந்திருந்தார். சுத்தத்துக்குப் பெயர் போனவர். உட்காரும் முன்பே ஜன்னல் கட்டை அவர் கண்ணில் பட்டுவிட்டது.

“என்னடி இது? வீட்டைத் தொடைக்கறதே இல்லையா? இப்படி வெச்சிருந்தா புள்ளைக்கு இழுக்காம என்ன செய்யும்?” என்று சொல்லிக்கொண்டே கொடியில் கிடந்த துணியை எடுத்தார்.

“அதைத் தொடாதீங்க அண்ணி!”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அண்ணி துணியோடு அப்படியே நின்றுவிட்டார். என் கணவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். மரியாதை இல்லாமல் பேசிவிட்டேனோ, மெதுவாகச் சொல்லியிருக்கலாமோ என்று இன்றுவரை யோசனைதான். ஆனால் துணியை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன்.

இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு ஜன்னலைத் துடைக்காமல் விட்டிருக்கிறோம். அழுக்குப் பிடித்த தெரு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வரட்டும். இந்தத் தடவை கோலம் கிடையாது, காபி கிடையாது... விரல் வைக்க ஜன்னல் மட்டும் இருக்கும்.