நாற்பத்தைந்து மைலில் ஆடிய பானெட்

வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், ஒரு புளியமரத்தடியில், காலை ஒன்பதரை மணி வாக்கில், நழுவப் பார்த்த கால்சட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையை ஓங்கி, போய்க்கொண்டிருந்த ஒரு பஸ்ஸைத் திட்டியிருக்கிறேன். அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து, பேரரசர்கள் ஏன் கெட்டார்கள் என்று பரீட்சை வைத்துக்கொண்டிருந்தவன். கால்சட்டை நழுவக் காரணம், என் இடுப்பு பெல்ட் காரின் பானெட்டில் கட்டியிருந்தது. பஸ்ஸைத் திட்டக் காரணம், அதற்குள் என் மனைவி இருந்தாள். அவளாகத்தான் கைகாட்டி ஏறினாள்.

எழுபதுகளின் கடைசி அது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார ஆசிரியர், கப்பலில் ஏற்ற முடியாத தன்னுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கட்டினார் என்பது இப்போது சொல்வது. அன்றைக்கு நான்தான் அவர் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்றேன். மூக்கு நீண்ட கார். பானெட் மட்டும் ஒரு கட்டில் நீளம் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“நமக்கு ரெண்டு பிள்ளைங்க. இதுல மொத்தமே ரெண்டு சீட்டு. எந்த ரெண்டு பேரு போறதா யோசனை?”

அழகியலைப் பற்றிச் சில புத்தகங்கள் படித்திருந்தேன், அவற்றில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

முதல் தொல்லை ஏற்றத்தில் வந்தது. மலையேறும்போது பாதி வழியில் இன்ஜின் பொங்கி, கல்யாண வீட்டு அண்டாவைப் போல ஆவி விட்டது. ஏரிக்குப் போகும் வழியில் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக்கிடம் போய், “இனிமேல் பொங்கக் கூடாது” என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டேன். அவர் என்னவோ செய்தார். பிறகு பொங்கவில்லை. என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. பேரரசர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது தொல்லை சமவெளியில். நாற்பது மைல் வேகத்தில் பானெட் லேசாக நடுங்கும். நாற்பத்தைந்தைத் தொட்டால் வாணலியில் போட்ட அப்பளம் மாதிரி விளிம்பு தூக்கித் தூக்கி அடிக்கும். படபடவென்ற அந்தச் சத்தத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல் கூசுகிறது. எந்த நிமிஷமும் கொக்கி விட்டு, மொத்தத் தகடும் நிமிர்ந்து, கண்ணாடியை மறைத்து, எதிரே வரும் லாரியைப் பார்க்காமலே செத்துப்போவோம் என்று தோன்றும்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் பானெட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தார்.

“ஆடலையே சார்.”

“நிற்கும்போது எப்படி ஆடும்? நாற்பத்தைந்து மைலில் போகும்போதுதான் ஆடும்.”

“நம்மூர்ல எங்க சார் நாப்பத்தஞ்சு மைலு? ஏரியைச் சுத்துனா இருபதுக்கு மேல போனா குதிரை மிரளும். காட்டுங்க, பாக்குறேன்.”

காட்ட முடியாது. அதுதான் என் கோபத்தின் வேர். நோய் கீழே, வைத்தியர் மேலே. நடுவில் முழுசாக ஒரு மலை. அவரோ, கொட்டகையில் ஆயிரம் சோலி கெடக்கு, வத்தலக்குண்டு வரைக்கும் வர முடியாது என்றார்.

நான் பள்ளி நூலகத்தில் விமானம் பறப்பது பற்றி ஒரு புத்தகத்தை எடுத்து இரண்டு வாரம் படித்தேன். மேலே போகும் காற்று, கீழே போகும் காற்று, அழுத்தம், தூக்கல் எல்லாம் தெளிவாயிற்று. கொக்கியின் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதினேன். மெக்கானிக் ஸ்பிரிங்கை மாற்றினார். ஆடியது. இன்னும் கெட்டியான ஸ்பிரிங் போட்டார். ஆடியது. மூன்றாம் முறை போட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, “சார், ஒண்ணு சொல்லணும். கீழ போகையில அந்த ரப்பரு...” என்று ஆரம்பித்தார்.

“ரப்பர் இல்லை ஐயா, காற்று. காற்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள்” என்று, கையை இறக்கை மாதிரி வைத்துக்கொண்டு கால் மணி நேரம் விளக்கினேன். அவர் பீடி ஒன்றைப் பற்றவைத்து, முழுசும் குடித்து முடித்தார்.

இதற்கு நடுவில்தான் மனைவிக்கு அந்த நேர்காணல் வந்தது. ஆறு வருஷமாக ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வேலை போகும், திறக்கும்போது மறுபடி கூப்பிட்டால் உண்டு. நிரந்தரம் செய்ய, திண்டுக்கல்லில் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பத்துக்குப் பிறகு வருபவர்களைப் பார்ப்பதில்லை என்று கடிதத்திலேயே இருந்தது.

“வெள்ளனே முதல் பஸ்ஸுல போயிருவேன்” என்றாள்.

“வீட்டில் கார் இருக்கும்போது பஸ்ஸா?”

“ஆடுதுன்னு சொன்னீங்களே.”

“புது ஸ்பிரிங் போட்டாச்சு. மூன்று முறை.”

மூன்று முறை என்பதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் கடிதத்தை மடித்து ஃபைலில் வைத்துவிட்டு, சரி என்றாள். அந்தச் சரியை நினைத்தால்தான் எனக்கு என்மேல் இன்னும் ஆத்திரம் வருகிறது. ஆறு வருஷத்தை ஒரு ஃபைலில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, கஞ்சி போட்ட சேலை கசங்காமல் அந்தத் தாழ்ந்த இருக்கையில் வந்து உட்கார்ந்தாள்.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். பெருமாள்மலை தாண்டி முதல் பஸ்ஸை முந்தினேன். சும்மா முந்தியிருக்கலாம். இரண்டு முறை ஹாரன் அடித்தேன்.

அடுத்த வளைவிலேயே ஒரு முட்டைக்கோஸ் லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் நகரவில்லை. வழி விட்டதும் பறந்தடித்து இறங்கி, வத்தலக்குண்டைத் தாண்டும்போது ஒன்பதேகால். இனி நேர்ச் சாலை. மிதித்தேன்.

நாற்பதில் நடுக்கம். நாற்பத்தைந்தில் அந்தப் படபடப்பு. புது ஸ்பிரிங் முன்னைவிட உரக்க அடித்தது.

“நிறுத்துங்க” என்றாள்.

நிறுத்தி, பெல்ட்டை உருவி, பானெட்டின் முனையையும் பம்பரையும் சேர்த்து இறுக்கினேன். மறுபடி மிதித்தேன். பெல்ட் நழுவி, அதன் பித்தளைக் கொக்கி தகட்டில் தமுக்கு அடித்தது. இப்போது படபடப்பும் தமுக்கும்.

“நிறுத்துங்கங்கிறேன்ல!”

புளியமரத்தடியில் நிறுத்தினேன். அவள் இறங்கி, சேலையை உதறிச் சரிசெய்து, சாலைக்கு நடுவே போய் நின்றாள். நான் குனிந்து பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டே, முப்பதில் போனாலும் போய்விடலாம் என்றேன். “முப்பதுல போனா நாளைக்குப் போகலாம்” என்றாள். பின்னாலேயே வந்தது அந்தப் பஸ். அதே முதல் பஸ். நின்றது. அவள் ஏறினாள். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு என்னையும் என் இடுப்பையும் பார்த்தார்.

“மலையில ரெண்டு ஹாரன் அடிச்சது சார்தானே? வெரசா வந்து சேருங்க!”

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். அப்போதுதான் கையை ஓங்கித் திட்டினேன். என்ன திட்டினேன் என்பதை ஆசிரியர் என்ற மரியாதைக்காக விட்டுவிடுகிறேன்.

நான் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. அவள் பத்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போதே உள்ளே போயிருந்தாள் என்று வாசலில் இருந்த பியூன் சொன்னார். வளைந்துபோன பெல்ட் கொக்கி திரும்ப மாட்டவில்லை. அதனால் மதியம் வரை காரைவிட்டு இறங்காமல் கோபத்தை வளர்த்துக்கொண்டிருந்தேன். அவள் வெளியே வந்து, “பாத்துட்டாங்க” என்று மட்டும் சொன்னாள். நாற்பதைத் தொடாமலே வத்தலக்குண்டு வந்து மலை ஏறினோம். மலையில் அந்தச் சனியன் பிடித்த பானெட் சாமியார் மாதிரி அசையாமல் வந்தது.

மறுநாள் காலை கொட்டகை வாசலில் நின்று கத்தினேன். வாடகைக் குதிரைக்காரர்கள் குதிரைகளோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெண்ணின் ஆறு வருஷ உழைப்பை நாசமாக்கப் பார்த்தீர்களே, இது தொழிலா என்றேன். மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, உள்ளே விளிம்பில் விரலை விட்டு, பழைய டயரில் வெட்டிய நான்கு ரப்பர் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் கையில் வைத்தார்.

“என்ன இது?”

“பொங்கக் கூடாதுன்னீங்கள்ல. இத வச்சா பானெட்டு ஒரு விரக்கடை தூக்கி நிக்கும், சூடு வெளிய போயிரும். மலையேறுற வண்டிக்கெல்லாம் இப்பிடித்தான் வைக்கிறது. கீழ எறங்குனா எடுத்துருவாங்க. இல்லாட்டி காத்து உள்ள பூந்து தூக்கத்தான் செய்யும்.”

“இதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!”

“சொல்ல வந்தேன். நீங்கதான் காத்தப் பத்திப் பாடம் நடத்துனீங்க.”

குதிரைகளைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். இருந்த கோபமெல்லாம் ஊர் சுற்றிவிட்டு என் வீட்டுக்கே திரும்பி வந்தது.

“மேல ஏற வேணுமா, கீழ ஓட வேணுமா? ஒண்ணு சொல்லுங்க” என்றார்.

இரண்டும் வேண்டும் என்றேன், கொஞ்சம் சின்னக் குரலில். அவர் ஒரு குதிரைக்காரரிடம் பேசி, சேணத்தை வயிற்றோடு இறுக்கும் பழைய தோல்வார் ஒன்றை வாங்கி, பானெட்டின் குறுக்கே போட்டு, இருபுறமும் காரின் உடம்பில் வளையம் அடித்து மாட்டினார். கீழே போனால் ரப்பரை எடு, வாரை இறுக்கு. மேலே வந்தால் வாரைத் தளர்த்து, ரப்பரை வை. என் புத்தகத்தில் குதிரை பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

அடுத்த மாதம் மனைவிக்கு நிரந்தர உத்தரவு வந்தது. சான்றிதழ்களைக் கொடுக்க மறுபடி திண்டுக்கல் போக வேண்டும். அன்றைக்கு நேரக் கட்டாயம் இல்லை என்பதால் காரில் வரச் சம்மதித்தாள். வத்தலக்குண்டில் இறங்கி, நான்கு ரப்பரையும் எடுத்து, வாரை இறுக்கினேன். நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பது. ஐம்பத்தைந்து. அந்தப் புளியமரம் சரேலென்று பின்னால் போனது. பானெட் அசையவில்லை. மேலே ஒரு டம்ளர் காபியை வைத்திருக்கலாம்.

செம்பட்டி வரை பொறுத்துப் பார்த்தேன். கடைசியில் நானே, “எப்படி?” என்றேன்.

அவள் பானெட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு பஸ்ஸும் இப்பிடித்தான் ஆடாமப் போச்சு.”