வாசலில் ஊதாத பாட்டு

கிருபாகரன் கிளாரினெட்டை வாயில் வைத்தால், வேடந்தாங்கலுக்குப் போகிற நாரைக் கூட்டம் வழி மாறிச் செங்கல்பட்டில் கொளவாய் ஏரியில் இறங்கிவிடும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். இறங்கியவை இரண்டு கொக்குகள். அவையும் மீனுக்காக வந்திருக்கலாம். ஆனால் அவன் சொந்தமாகப் பாட்டு அமைப்பான் என்பதில் கலப்படம் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். கல்யாண ஊர்வலங்களுக்குப் போகிற பேண்டு செட்டு வைத்திருக்கிறான். டிரம்பெட், சாக்ஸபோன், யூபோனியம் என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதுவான். கல்யாண வீட்டாருக்கு வேண்டியதோ சினிமாப் பாட்டு. அதனால், ஆடுகிற பிள்ளைகள் தண்ணீர் குடிக்க ஒதுங்கும் நேரம் பார்த்து, இரண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவே தன்னுடையதைக் கொஞ்சம் நுழைத்துவிடுவான். முழுசாக ஒன்றைக்கூட யாரும் கேட்டதில்லை.

நெம்மேலியில் வாழ்க்கைப்பட்ட அவன் அக்கா கண்ணகி, மகள் ஜோதிலட்சுமியின் கல்யாணத்துக்கு அவனைத்தான் அழைத்தாள். பெண் ஊர்வலத்தில் சம்பந்தி ஒரு பழைய டூயட் கேட்டார். இவன் அக்கா மகளுக்கென்றே எழுதிய பாட்டை ஊதிக்கொண்டிருந்தான், நிறுத்தவில்லை. கண்ணகி நேராக வந்தாள்.

"உன் பாட்டு எவனுக்குடா வோணும்? அவரு கேட்டத ஊதேன்."

"அப்ப ரேடியோ செட்டு வெச்சுக்கோ" என்றவன், பாதி வழியில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஜோதிலட்சுமி ஊமை ஊர்வலத்தில் மண்டபம் போய்ச் சேர்ந்தாள். அதோடு அக்கா, தம்பி பேச்சு நின்றது.

போன தை மாதம், கண்ணகி வீட்டுத் தெரு வழியாகவே ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு அவனைக் கூப்பிட்டார்கள். முன்கூட்டியே போய்த் தெருவை நடந்து பார்த்துவிட்டு வந்தான். ஊர்வலத்தில் பேண்டு நிற்காது. எந்த வீட்டுக்கும் அதன் வாசலைக் கடக்கையில் ஊதுகிற துண்டு மட்டும்தான் கிடைக்கும். அக்கா வாசலில் மற்ற வாத்தியமெல்லாம் அடங்கி, கிளாரினெட் மட்டும் அந்தப் பழைய டூயட்டை எடுக்கும்படி புதுப் பாட்டை அமைத்தான்.

"நேரா போய் மன்னிப்புக் கேட்டா கொறஞ்சா போயிடுவ? வாயத் தொறந்து கேளேன்" என்றேன்.

"வாயாலதான கேக்கப்போறேன், டீச்சரம்மா" என்று கிளாரினெட்டைக் காட்டினான்.

அன்று தெருமுனை திரும்பியதும் பாட்டைத் தொடங்கினார்கள். தண்ணீர்த் தொட்டி அருகே யூபோனியம் சேர்ந்தது. அப்போது ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்.

"அண்ணாத்த, நிறுத்து. சாவு வூடு கீது. காரியம் இன்னும் முடியல."

கண்ணகி வீட்டுக்கு அடுத்த வீடு. துக்க வீட்டைத் தாண்டும்வரை வாத்தியம் கூடாது; அதை மீறுகிற பேண்டுக்காரன் கிடையாது. கிருபாகரன் கிளாரினெட்டை இறக்கி, தலை குனிந்தபடி அக்கா வாசலைக் கடந்தான். வாசலில் நின்றிருந்த கண்ணகி, மறுபடியும் ஊமையாகப் போகிறானே என்று கதவைப் படாரென்று சாத்தினாள். தெருக்கோடியில் பிள்ளைகள் குத்துப்பாட்டு கேட்டார்கள். கொடுத்தான்.

மறுநாளே போய் அவள் கூடத்தில் உட்கார்ந்து ஊதியிருக்கலாம். சொல்லிப் பார்த்தேன்.

"அது நடந்து போற பாட்டு, டீச்சரம்மா. ஒக்காந்து ஊதினா வராது."

அதன்பின் அந்தப் பாட்டை அவன் எடுக்கவில்லை. புதிதாக எதையும் எழுதவும் இல்லை.

இந்தக் கதையை நான் இதுவரை எழுதியிருந்தபோது, பிள்ளைக்குக் காது குத்தும் பத்திரிகையோடு ஜோதிலட்சுமி நாவலூரிலிருந்து வந்தாள். மாமா வீடு பூட்டியிருக்கவே என் வீட்டில் உட்கார்ந்தாள். படித்துக் காட்டினேன்.

"கதவ சாத்துனதெல்லாம் நீங்களா வுட்ட கத, டீச்சரம்மா" என்றாள். "அம்மா அப்ப வூட்லயே இல்ல. அந்த சாவு வூட்லதான் ஒக்காந்துகினு இருந்தாங்க. பேண்டு சத்தம் கேட்டு, நிறுத்தச் சொல்லி ஆள அனுப்புனதே அவங்கதான். யாரு செட்டுன்னு அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சதும் தெருக்கோடி வரைக்கும் ஓடுனாங்க. அதுக்குள்ள மாமா குத்துப்பாட்டு ஆரம்பிச்சிட்டாரு."