ஜோதியக்கா பேர்ல உள்ள போனவங்க

கடைகளுக்கு சாஃப்ட்வேர் போட்டுக் குடுக்கிற தொழில்ல ஒரு விசேஷம், பூட்டு போடுறதும் நாமதான், சாவி எங்கேன்னு எல்லாரும் கேக்கிறதும் நம்மளைத்தான். இதே பொழப்பு பாக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா தலையாட்டுவீங்க, எனக்குத் தெரியும். குமுளியில இருந்து மறையூர் வரைக்கும் முப்பது கடை என் பொறுப்பு. மறையூர்ல ஒரு வெல்லக் கொட்டகைக்காரர், விவரத்தையெல்லாம் காப்பி எடுத்து வைக்கிற டிஸ்க்குக்கு ஆயுத பூஜை அன்னிக்குச் சந்தனம் பூசினவர், வயர் சொருகுற ஓட்டையையும் விட்டுவைக்கலை. அதை ஊக்கால நோண்டிக்கிட்டு உக்காந்திருந்தப்பகூட நான் இவ்வளவு குழம்பலை. நான் குழம்பினதெல்லாம் குமுளியில ஒரே ஒரு ஏலக்காய்க் கடையிலதான்.

கைராசி

அந்தக் கடையில நாலு பேருக்கு வேலை. தோட்டக்காரங்க மூட்டை கொண்டாந்தா எடை போட்டு, தரம் பாத்து, கம்ப்யூட்டர்ல ஏத்தணும். நாலு பேருக்கும் தனித்தனியாப் பேரும் பாஸ்வேர்டும் போட்டுக் குடுத்தேன். யாரு எதை ஏத்தினாங்க, எதைத் திறந்து பாத்தாங்கன்னு மிஷினே எழுதி வச்சுக்கும். ஒரு மாசம் கழிச்சுப் போய்ப் பாத்தா, எழுதியிருந்தது பூரா ஒரே பேரு, ஜோதி. மத்த மூணு பேரும் வேலைக்கே வரலையோன்னு நினைச்சேன். மூணு பேரும் என் கண்ணு முன்னால மூட்டை தூக்கிக்கிட்டு இருந்தாங்க.

ஜோதியக்கா அங்க பதினாலு வருஷமா எடை பாக்கிறவங்க. தங்கச்சி மக சடங்குக்குத் தேனிக்குப் போயிருந்த அன்னிக்குக்கூட, மிஷின் சொல்றபடி, அவங்க குமுளியில உக்காந்து இருபது மூட்டை ஏத்தியிருக்காங்க.  முதலாளிகிட்டக் கேட்டேன். அவர் கம்பத்துக்காரர், எதையும் நிதானமாச் சொல்லுவார். ஜோதி கைராசிக்காரி, அவ ஏத்தின சரக்கு கடையில தங்காது, சட்டுனு வித்துப் போயிரும், ஒரு தடவை எடைக்கார முருகேசன் ஏத்தின அன்னிக்கு ஜீப்பு வளைவுல சரிஞ்சு மூட்டையெல்லாம் சகதியாப் போச்சுன்னார். சரி, அக்கா லீவு போட்ட நாள்ல அவங்க பேர் எப்படி வருதுன்னு கேட்டேன். நான் என்னமோ சின்னப்புள்ளத்தனமாக் கேட்ட மாதிரி பாத்தார்.

"அவ கை வரலேன்னா என்னம்மா, பேராவது வரட்டும்."

அடுத்த வீட்டுச் சாவி

விடுவேனா? நாலு பேரையும் மூட்டைங்க மேலயே உக்கார வச்சு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். அடுத்தவங்க பாஸ்வேர்டுல உள்ள போகக் கூடாது, எழுந்து போனா வெளிய வந்துட்டுப் போகணும், ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்துக்கும் வைக்கவே கூடாதுன்னு தொண்டை வறள வறளச் சொன்னேன். எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிட்டாங்க. முருகேசன் டீகூட வாங்கிக் குடுத்தார். ஜோதியக்காவோட பாஸ்வேர்டை மாத்திட்டு, யாருக்கும் சொல்லிராதீங்கன்னு காதுல ஓதிட்டு வந்தேன்.

மறுவாரம் போனா புதுப் பாஸ்வேர்டு தராசுக்குப் பின்னால சாக்பீஸ்ல எழுதியிருக்கு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை ஊருக்கெல்லாம் குடுப்பீங்களாக்கான்னு கேட்டுட்டேன். அக்கா எஸ்டேட் லைன் வீட்டுல பொறந்து வளந்தவங்க. வரிசையாப் பத்து வீடு, ஒரே சுவரு. காலையில தேயிலைக் கொழுந்து எடுக்கப் போறப்ப சாவியை யாரு வச்சிருப்பாங்கன்னு எனக்கும் தெரிஞ்சிருக்கணும், நானும் எஸ்டேட் ஊரான சித்திரபுரத்துக்காரிதான். கூட உக்காந்து சோறு திங்கிற மனுசன் கேக்கிறப்ப இல்லைன்னு எப்படிச் சொல்றதுன்னு அவங்க நிஜமாவே வருத்தமாக் கேட்டாங்க. 

"சாவியை அடுத்த வீட்டுல குடுக்காமப் போனா, என்ன சண்டைன்னு கேப்பாங்க கவிதா."

பேரு செஞ்ச வேலை

போன வருஷம் மழை விட்டதும் முதலாளி போன் பண்ணி உடனே வான்னார். போனா, கடையே உம்முன்னு இருக்கு. விஷயம் இதுதான். எந்தத் தோட்டத்துல எப்போ காய் எடுப்பாங்க, யாருக்குப் போன் பண்ணணும்னு பூரா விவரமும் நம்ம சாஃப்ட்வேர்ல இருக்கு. கொஞ்ச நாளாவே காய் வாங்க இவர் ஜீப்பு போய்ச் சேர்றதுக்கு முன்னால வேற ஒரு கடை ஜீப்பு அங்க போய் நிக்குதாம். ஒரு தோட்டம்னா தற்செயல், வரிசையா ஏழு தோட்டம்னா? மிஷின் எழுதி வச்சதைத் திறந்து பாத்தேன். மூணு தடவை, மூணு தடவையும் மத்தியானம் ஒன்னே முக்காலுக்கு, மொத்தப் பட்டியலையும் ஒரு ஆள் காப்பி எடுத்திருக்கு. பேரு, ஜோதி.

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள முதலாளி எட்டிப் பாத்துட்டார். திட்டலை. திங்கக்கிழமைக்குள்ள இது யாருன்னு கண்டுபிடி, அதுவரைக்கும் ஜோதி வர வேண்டாம்னு மட்டும் சொன்னார். குமுளி என்ன பெரிய பட்டணமா? இந்தக் கடையில இருந்து இந்தப் பேரோட வெளிய போனா ஏலக்காய் பக்கம் வேற எந்தக் கடையும் அக்காவைச் சேக்காது. இது அங்க நின்ன எல்லாருக்கும் தெரியும். அக்கா டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில வச்சாங்க. அந்த நேரம் சாப்பிடப் போயிருப்பேனேன்னுகூட முதலாளிகிட்டச் சொல்லலை. வெளிய போறப்ப என்கிட்டத்தான் நின்னு கேட்டாங்க. 

"உன் மிஷின் நான் செஞ்சேன்னு சொல்லுதா, இல்ல என் பேரு செஞ்சுச்சுன்னு சொல்லுதா?"

எல்லாரும் திருடன்

மறுநாள் காலையிலயே போய் உக்காந்தேன். மூணு பேரையும் தனித்தனியாக் கூப்பிட்டு விசாரிச்சா, மூணு பேரும் ஜோதி பேர்ல நான் போயிருக்கேன்னு ஒத்துக்கிட்டாங்க. முதலாளியும் போயிருக்கார், வெள்ளிக்கிழமைல மட்டுமாம். ஒன்னே முக்காலுக்கு யாருன்னா யாரும் இல்லை, அந்த நேரத்துல எல்லாரும் பின்னால ஒரே பெஞ்சுல சோறு தின்னுக்கிட்டு இருப்பாங்க. முன்னால கம்ப்யூட்டர் அக்கா பேர்ல திறந்தபடி கிடக்கும். எனக்கு ஒரு மண்ணும் புரியலை. பேய் வந்து பட்டன் தட்டிச்சான்னு யோசிக்கிற அளவுக்குப் போயிட்டேன்.

அப்புறம்தான் இன்னொரு பக்கத்தைத் திறந்து பாத்தேன், முதல்லயே பாத்திருக்கணும். அந்த மூணு தடவையும் யாரும் கடைக்குள்ள உக்காந்து செய்யலை, வெளிய இருந்து இன்டர்நெட் வழியா வந்திருக்காங்க. அந்த வழி எது தெரியுமா? சின்ன ரிப்பேருக்கெல்லாம் பஸ் ஏறி வளைவுல வாந்தி எடுக்க முடியாதுன்னு, வீட்டுல இருந்தே சரி பண்ண நான் வச்சுக்கிட்ட வழி. அது வழியா வந்தா, கடைக் கம்ப்யூட்டர்ல யார் பேர் திறந்து கிடக்கோ அவங்க பேர்லதான் எல்லாம் எழுதிக்கும். அதுக்கு முப்பது கடைக்கும் ஒரே பாஸ்வேர்டு. மூட்டை மேல உக்கார வச்சு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தவதான் நான். அதுக்குக் கொஞ்சம் முந்தி, என் முப்பது கடையில வேற ஒன்னுல மேனேஜரா இருந்தவருக்கு, மழையில லைன் அறுந்து அறுந்து வந்தப்ப, அந்தப் பாஸ்வேர்டை நானே போன்ல எழுத்தெழுத்தாச் சொன்னேன். அவர் இப்ப வேலை பாக்கிறது, முந்திப் போய் நிக்கிற ஜீப்பு இருக்கே, அந்தக் கடையில.  கூட வேலை பாக்கிற மலையாளத்துப் பையன் மனோஜுக்குப் போன் போட்டு, நாம ஏண்டா எல்லாத்துக்கும் ஒன்னையே வச்சோம்னு கேட்டேன்.

"நீங்கதானே சேச்சி சொன்னீங்க, ஞாபகம் வச்சுக்க ஈஸியா இருக்கட்டும்னு."

வைரஸ்னு சொல்லியிருக்கலாம்

முப்பது கடைக்கும் அன்னிக்கே மாத்தினோம். மாத்தி முடிச்சதும் என் மனசுல ஒரு கெட்ட யோசனை வந்துச்சு. வைரஸ்னு சொல்லிட்டா? எங்க தொழில்ல அது ஒரு மந்திரம், சொன்னா யாரும் மேல கேள்வி கேக்க மாட்டாங்க. அக்காவுக்கும் வேலை திரும்பக் கிடைக்கும், என் முப்பது கடையும் என்கிட்டயே இருக்கும். ஞாயித்துக்கிழமை பூரா இதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா வைரஸ்னா எந்த வழியா வந்துச்சுன்னு ஒருநாள் எவனாவது கேப்பான், அப்போ திறந்து கிடந்த பேரு ஜோதின்னு மறுபடியும் அங்கதான் போய் நிக்கும். திங்கக்கிழமை கடைக்குப் போனேன். அக்காவையும் வரச் சொல்லியிருந்தேன். எல்லார் முன்னாலயும், தப்பு என்னுதுன்னு ஒன்னு விடாமச் சொன்னேன்.

முதலாளி எந்திரிச்சு நின்னார். அப்புறம் பேசினார், அதை இங்க எழுத முடியாது. மூச்சு வாங்கினதும் அக்கா பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கிட்டு, வெளிய மூட்டை வந்து நிக்குது, முதல் மூட்டையை நீயே ஏத்து தாயின்னார். அவருக்குத் தெரிஞ்ச மன்னிப்பு அதுதான். அக்கா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. தராசுக்குப் பின்னால போய், சாக்பீஸ்ல எழுதியிருந்ததை முந்தானையால அழுத்தித் துடைச்சாங்க. என்கிட்டப் புதுப் பாஸ்வேர்டு போடச் சொல்லி, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட பிறகுதான் தட்டினாங்க. மூட்டையை ஏத்தி முடிச்சு, முதலாளியைப் பாத்துச் சொன்னாங்க.

"ஏத்திட்டேன் முதலாளி. ஆனா இனிமே நான் லீவுன்னா என் பேரும் லீவு."

இப்போ வெளிய இருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள நான் போகணும்னா யாருன்னு ஜோதியக்கா கேட்டுத்தான் திறந்து விடுவாங்க, அவங்க சோறு தின்னு முடிக்கிற வரைக்கும் வெளிய காத்துக்கிட்டு நிக்கிறப்பதான் என் தொழில் எனக்கே கொஞ்சம் கொஞ்சமாப் புரிய ஆரம்பிச்சிருக்கு.